டிபி 3 என்றால் பாஸா ஃபெயிலா? ரிப்போர்ட் கார்டு பற்றிப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆனாலும் பள்ளியில் ரிப்போர்ட் கார்டு கொடுத்த மறுநாள் என் வீட்டு வாசலில் மோட்டார் வந்து நிற்கும். தோட்டத்துப் பிள்ளைகளின் அப்பா, அம்மா, சில சமயம் பாட்டி. "டீச்சர், இது என்னான்னு கொஞ்சம் பாருங்க" என்று அட்டையை நீட்டுவார்கள். கேட்பது பெரும்பாலும் அதே கேள்விகள்தான். சரி, ஒரேயடியாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நாம் படித்த காலத்து அட்டை வேறு, இன்றைய அட்டை வேறு. புரியவில்லை என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எல்லாப் பாடத்திலும் 1 போட்டிருக்கிறது. முதல் நிலைதானே?

இல்லை. கடைசி நிலை.

இதை முதன்முதலில் சொல்ல வேண்டி வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஒரு பாட்டி, பால்மரம் சீவி ஓய்ந்த கை, ஜாங்கிரி டப்பாவோடு வந்தார். பேரன் இரண்டாம் ஆண்டு. "எல்லாத்துலயும் ஒன்னு எடுத்திருக்கான் டீச்சர்" என்று டப்பாவை என் கையில் வைத்தார். வாங்கிக்கொண்ட பிறகுதான் அட்டையைப் பார்த்தேன். தமிழ், மலாய், கணிதம், எல்லாம் டிபி 1. பையனைக் கூப்பிட்டு அட்டையின் மேல் அச்சடித்திருந்த பள்ளியின் பெயரை வாசிக்கச் சொன்னேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், பாட்டி முகத்தைப் பார்த்தான், வாசிக்கவில்லை.

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப ஆறுதான் ஒசத்தியா?" என்றார்.

ஆமாம், ஆறுதான் உயர்த்தி. அவர் மேல் தப்பில்லை. அவர் காலத்தில் 1 என்றால் வகுப்பில் முதல் பிள்ளை. அட்டையை மாற்றியவர்கள் அதைப் படிக்கும் விதத்தை அவருக்குச் சொல்லித் தரவில்லை.

அப்படியானால் இந்த டிபி என்பது என்ன?

தஹாப் பெங்குவாசான் என்ற மலாய்ச் சொற்களின் சுருக்கம். தமிழ்ப்பள்ளி ஆவணங்களில் அடைவுநிலை என்று எழுதுவோம். 1 முதல் 6 வரை. பள்ளிசார்ந்த மதிப்பீடு 2011-இல் வந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருமாறி இன்று வகுப்புசார் மதிப்பீடு என்ற பெயரில் நடக்கிறது. ஆசிரியர்கள் வாயில் அது பிபிடி. ஒரு நாள் உட்கார்ந்து எழுதும் தேர்வு இல்லை இது. வகுப்பில் பிள்ளை சொல்லும் பதில், நோட்டுப் புத்தகம், இடுபணி, குழுவாகச் செய்யும் வேலை எல்லாவற்றையும் ஆசிரியர் ஆண்டு முழுக்கப் பார்த்து, இந்தப் பிள்ளை இந்த நிலையில் இருக்கிறது என்று முடிவு செய்கிறார்.

சொல்லிப் புரியாது, ஒரு கணக்கையே போட்டுப் பார்ப்போம். மூன்றாம் ஆண்டுக் கணிதம், பாடம் பணம். உங்கள் பிள்ளை 5 வெள்ளியோடு, அதாவது 5 ரிங்கிட்டோடு, ஒட்டுக்கடைக்குப் போகிறது. நாசி லெமாக் ஒரு பொட்டலம் 1 வெள்ளி 80 சென்.

நோட்டையும் சில்லறையையும் பார்த்து இது 5 வெள்ளி, இது 20 சென் என்று சொல்லத் தெரிந்தால் டிபி 1. ஐந்து 20 சென் சேர்ந்தால் ஒரு வெள்ளி என்று புரிந்து விளக்கினால் டிபி 2. 5.00-இலிருந்து 1.80-ஐச் சரியாகக் கழித்தால் டிபி 3. "இரண்டு பொட்டலம் வாங்கினால் மீதி எவ்வளவு?" என்று வாக்கியமாகக் கேட்டாலும் எதைக் கூட்ட வேண்டும், எதைக் கழிக்க வேண்டும் என்று தானே கண்டுபிடித்து 1 வெள்ளி 40 சென் என்று வழிமுறையோடு காட்டினால் டிபி 4. அதையே இன்னொரு வழியிலும் செய்தால் டிபி 5. உதாரணத்துக்கு, கழிக்காமல் 3.60-இலிருந்து மேலே எண்ணிப் போகலாம்: 40 சென் போட்டால் 4 வெள்ளி, இன்னொரு வெள்ளி போட்டால் 5.

டிபி 6-க்குக் கேள்வியே வேறு மாதிரி இருக்கும். "நாசி லெமாக் 1.80, கறிபாப் 60 சென். இரண்டையும் எப்படிக் கலந்து வாங்கினாலும் சரி, 5 வெள்ளியில் ஒரு சென்கூட மீதி வராமல் வாங்க முடியுமா?" பெரும்பாலான பிள்ளைகள் வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள். ஒரு பிள்ளை மட்டும், "முடியாது டீச்சர், இரண்டு விலையும் 60, 60-ஆகத்தான் ஏறுது, 60-ஐ வெச்சு 4.80 வரும், 5.40 வரும், 5 வராது" என்று சொல்லும். அந்தப் பிள்ளை டிபி 6.

உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இன்று மாலையே கேட்டுப் பாருங்கள். அட்டை சொல்வது சரிதானா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டிபி 3 என்றால் ஆறுக்கு மூன்று, பாதி மார்க். சுமார்தானா?

பாதி மார்க் என்று கணக்குப் போடக்கூடாது. டிபி 3 என்றால் அந்த ஆண்டில் ஒரு பிள்ளை குறைந்தபட்சம் செய்ய வேண்டியதைச் செய்துவிடுகிறது என்று பொருள். அட்டையில் அதற்கு நேரே மெமுவாஸ்கான், அதாவது திருப்தி என்று இருக்கும். 4 நன்று, 5 மிக நன்று, 6 மிகச் சிறப்பு. 1-உம் 2-உம் வந்தால்தான் உடனே கவனிக்க வேண்டும். பாஸ், ஃபெயில் என்ற சொற்களே இந்த அட்டையில் கிடையாது.

ஆனால் ஒன்று. மொழிப் பாடங்களில் கேட்டல் பேச்சு, வாசிப்பு, எழுத்து என்று தனித்தனி வரிகள் இருக்கும். மொத்த நிலை 3 என்று பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டு, எழுத்தில் 2 இருப்பதைக் கவனிக்காமல் விட்ட பெற்றோர் பலர். வரி வரியாகப் பாருங்கள்.

முதல் மூன்று ஆண்டுகளுக்குப் பரீட்சையே இல்லையாமே?

2019-இலிருந்து இல்லை. வகுப்புசார் மதிப்பீடு மட்டும்தான். சிறு பிள்ளைகளைப் பரீட்சை பயத்திலிருந்து விடுவித்தது நல்ல காரியம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் வீட்டில் அதன் விளைவைப் பார்த்தேன். பரீட்சை இல்லை என்றதும் புத்தகப் பை வெள்ளிக்கிழமை மூடினால் திங்கட்கிழமைதான் திறக்கிறது.

யுபிஎஸ்ஆர் திரும்பி வருமா? அண்ணன் 7ஏ எடுத்தான், தம்பிக்கு ஒன்றுமே இல்லையே.

ஆறாம் ஆண்டுப் பொதுத் தேர்வான யுபிஎஸ்ஆர் 1988-இல் தொடங்கியது. கடைசியாக நடந்தது 2019-இல். 2020-இல் கோவிட்டால் ரத்தானது, 2021-இல் முற்றாக நீக்கப்பட்டது. தமிழ்ப்பள்ளியில் முதலில் ஏழு தாள், 2016-இலிருந்து எட்டுத் தாள். 7ஏ எடுத்த பிள்ளைகளின் படம் தமிழ்ப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வந்த காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காத பிள்ளைகள்தான் எப்போதும் அதிகம், அதையும் மறக்க வேண்டாம்.

இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் இருந்த பிஎம்ஆர் தேர்வு 2014-இல் பிடி3 ஆனது. அதையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். அதனால் நாம் அறிந்த பழைய பொதுத் தேர்வுகளில் பள்ளிப் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிற பெரிய கதவு ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம். இடையில் எதுவும் அளக்கப்படவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். உவாசா இருக்கிறது.

உவாசா என்றால்?

கல்வித் தவணை முடிவில் நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரையும், முதல் படிவம் முதல் மூன்றாம் படிவம் வரையும் எழுதும் தேர்வு. பள்ளியே நடத்தும், பள்ளி ஆசிரியர்களே திருத்துவார்கள். இதில் மார்க்கும் உண்டு, ஏ முதல் எஃப் வரை தரமும் உண்டு. 82-உம் அதற்கு மேலும் ஏ, சி என்பது 50-இல் தொடங்குகிறது.

இன்னொரு பள்ளியில் படிக்கும் மச்சான் பிள்ளையின் மார்க்கோடு ஒப்பிடாதீர்கள். யுபிஎஸ்ஆர் போல நாடு முழுக்க ஒரே கையால் திருத்திய தாள் இல்லை இது. தன் பிள்ளை போன ஆண்டு எங்கே இருந்தது, இந்த ஆண்டு எங்கே இருக்கிறது, அவ்வளவுதான் ஒப்பீடு.

டிபி 5 என்று போட்டிருக்கிறது, உவாசாவில் சி. எது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். இரண்டும் அளப்பது வேறு வேறு.

டிபி ஆண்டு முழுக்கப் பார்த்தது. உவாசா ஒரு காலைப் பொழுதில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து எழுதியது. வாயால் கேட்டால் டக்கென்று சொல்லும் பிள்ளை, நீளமான கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் நேரத்தைத் தொலைத்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதை நிறைய பார்த்திருக்கிறேன். கணக்கு தெரியாததில்லை, வாசிப்பு வேகம் போதவில்லை. அப்படி இருந்தால் இன்னும் நூறு கணக்குப் போட வைப்பதில் பயனில்லை. தினமும் பத்து நிமிடம் சத்தமாக எதையாவது வாசிக்கச் செய்யுங்கள். மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீஸாக இருந்தாலும் பரவாயில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், என் கூட்டத்தாருக்குக் கோபம் வந்தாலும் சரி. சில இடங்களில் டிபி தாராளமாகப் போடப்படுகிறது. ஒரு பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கும் வரிசையாக 4 போட்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். முப்பது பிள்ளைகள் ஒரே உயரத்தில் இருப்பார்களா? வேலைப் பளு, கணினியில் ஏற்ற வேண்டிய கடைசி நாள், எல்லாம் புரிகிறது. ஆனாலும் அந்த 4-ஐ நம்பி வீட்டுக்குப் போன அம்மாவுக்கு அது அநியாயம். டிபிக்கும் உவாசாவுக்கும் தூரம் அதிகமாக இருந்தால், நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய், "எதை வைத்து 5 போட்டீங்க டீச்சர், எனக்கும் காட்டுங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, ஆசிரியரிடம் அதற்கு ஆதாரமும் இருக்க வேண்டும்.

வகுப்பில் எத்தனையாவது என்று ஏன் போடுவதில்லை?

அது தேவையில்லை என்பதால். உங்கள் தோட்டத்துப் பள்ளியில் வகுப்புக்கு ஆறு பிள்ளைகள் என்றால், மூன்றாவதாக வந்தான் என்பதில் என்ன செய்தி இருக்கிறது?

ஃபெயில் ஆனால் அதே வகுப்பில் உட்கார வைப்பார்களா?

மாட்டார்கள். நம் நாட்டில் பிள்ளை ஆண்டுக்கு ஆண்டு தானாகவே மேலே போகும். நிம்மதியாக இருக்கிறதா? எனக்கு இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதே பஸ்ஸில் ஏறி ஆறாம் ஆண்டு வரை போய்விடும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் இடத்தில்தான் முதன்முதலாக ஒருவர் நிறுத்தி டிக்கெட் கேட்கிறார். அடுத்த கேள்வி அதுதான்.

புகுமுக வகுப்பு என்கிறார்களே, யாரைப் போடுவார்கள்? தண்டனையா?

பெராலிஹான் என்று மலாயில் சொல்வது இதைத்தான். இடைநிலைப்பள்ளியில், முதல் படிவத்துக்கு முன் ஓர் ஆண்டு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளில் மலாய்மொழியில் குறைந்தபட்ச அடைவை எட்டாதவர்களுக்கு உரியது. மலாய்வழியில் நடக்கும் தேசியப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடையாது. கணிதத்தில் ஏ, அறிவியலில் ஏ என்றாலும் மலாயில் பின்தங்கினால் அங்கேதான் போக வேண்டும். கூடப் படித்தவர்கள் 17 வயதில் எஸ்பிஎம் எழுதும்போது இந்தப் பிள்ளை 18-இல் எழுதும்.

தண்டனை இல்லை. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் மலாய்ப் பாடமும் தேசியப்பள்ளியில் படிக்கும் மலாய்ப் பாடமும் ஒன்றல்ல. நமக்குத் தனிப் பாடத்திட்டம். முதல் படிவத்தில் கால் வைத்ததும் எல்லாருக்கும் ஒரே புத்தகம். அந்த இடைவெளியைத் தாண்ட ஒரு பலகை போட்டிருக்கிறார்கள், அதுதான் புகுமுக வகுப்பு. ஆனால் நண்பர்கள் எல்லாம் நீலக் கால்சட்டையிலிருந்து பச்சைக்கு மாறி முதல் படிவ வகுப்பில் உட்காரும்போது, பன்னிரண்டு முடிந்த பையனுக்கு அது தண்டனையாகத்தான் தெரியும். பள்ளிக்குப் போகிறேன் என்று கிளம்பி செம்பனைக் காட்டு ஓரம் உட்கார்ந்திருந்துவிட்டு மதியம் வீடு திரும்பிய பையன்களை எனக்குத் தெரியும். அந்த ஆண்டில் அவர்களைக் கண்காணிப்பது பெற்றோர் வேலை, வேறு யாரும் செய்ய மாட்டார்கள்.

அதற்கு முன்பே தடுக்கலாம். நான்காம் ஆண்டு அட்டையில் மலாய்மொழி வரியைப் பாருங்கள். 2 இருந்தால் இன்னும் இரண்டு ஆண்டு கையில் இருக்கிறது. ஆறாம் ஆண்டு நடுவில் வந்து, "ஏதாவது செய்ய முடியுமா டீச்சர்" என்று கேட்டால் நான் என்ன செய்வேன்? வீட்டில் மலாய் பேச வேண்டாம்; வீட்டில் தமிழ்தான். டவுனுக்குப் போனால் மீன் கடையிலும் கிளினிக்கிலும் பிள்ளையை முன்னால் விட்டுப் பேச வையுங்கள். தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். ராத்திரி மலாய்ச் செய்தி ஓடும்போது திரையின் அடியில் வரும் எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். நம் தோட்டத்தில் மலாய் காதில் விழும் நேரம் குறைவு. அதைக் கூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஆறாம் ஆண்டில் கணிதம் ஏ. முதல் படிவத்தில் டி. பிள்ளை கெட்டுப் போய்விட்டானா?

கெட்டுப் போகவில்லை. கேள்வி மொழி தமிழிலிருந்து மலாய்க்கு மாறிவிட்டது. பின்னம் என்று ஆறு ஆண்டு படித்தது பெச்சாஹான் ஆகிவிட்டது. பரப்பளவு லுவாஸ். அறிவியலில் ஒளிச்சேர்க்கை போய் ஃபோத்தோசிந்தெசிஸ். பிள்ளைக்குக் கணக்கு தெரியும், கணக்கு என்ன கேட்கிறது என்பது தெரியவில்லை. "மூட்டையைத் தொலைச்சுட்ட மாதிரி இருந்துச்சு டீச்சர், எல்லாம் தெரிஞ்சும் ஒன்னும் தெரியாத மாதிரி" என்று என் பழைய மாணவி ஒருத்தி சொன்னாள்.

ஆறாம் ஆண்டு முடிந்து வரும் விடுமுறையில் ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். நடுவில் கோடு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் மலாய்ச் சொல். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒரு நாளைக்கு ஐந்து சொல். அண்ணன், அக்காவின் முதல் படிவப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதிலேயே எடுக்கலாம். முதல் படிவத்தின் முதல் மூன்று மாதத்து மார்க்கைப் பார்த்துப் பிள்ளையைத் திட்ட வேண்டாம்.

இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லையென்றால் 15 பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து கேட்கலாம். கல்விச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. முதல் படிவத்திலேயே கேளுங்கள். நான்காம் படிவத்தில் போய்க் கேட்டால் எஸ்பிஎம்மில் தமிழ் எடுக்கும் பிள்ளைகள் பாதிப் பேர் காணாமல் போயிருப்பார்கள்.

எஸ்பிஎம்மில் எத்தனை பாடம் பாஸ் செய்தால் சான்றிதழ்?

எண்ணிக்கையை விடுங்கள். மலாய்மொழியும் வரலாறும் இரண்டிலும் தேறியே ஆக வேண்டும். வரலாறு 2013-இலிருந்து கட்டாயம். இதில் ஒன்று போனாலும் மற்ற பாடங்களில் எத்தனை ஏ இருந்தாலும் சான்றிதழ் கிடையாது. எங்கள் பக்கத்தில் ஒரு பையன், கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நல்ல தரம், வரலாற்றில் ஜி. அவன் அப்பா அந்தத் தாளை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றினார். பையன் மறு ஆண்டு தனியார் பரீட்சார்த்தியாக எழுதித் தேறினான். ஆனால் ஓர் ஆண்டு ஃபேக்டரி பஸ்ஸில் போய்விட்டது.

தரங்கள் பத்து: ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ், பி பிளஸ், பி, சி பிளஸ், சி, டி, இ, ஜி. ஜி மட்டும்தான் தோல்வி. டி-யும் இ-யும் வெறும் தேர்ச்சி. சி-இலிருந்து கிரெடிட், அதாவது சிறப்புத் தேர்ச்சி. அரசாங்க வேலைக்கும் மேல்படிப்புக்கும் மலாயில் பெரும்பாலும் கிரெடிட் கேட்பார்கள். ஆகவே "மலாய்ல பாஸாயிட்டா போதும்" என்று வீட்டில் சொல்ல வேண்டாம்.

மலாய்மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் பேச்சுத் தேர்வும் உண்டு. எழுதப் பழகும் பிள்ளை பேசவும் பழக வேண்டும். நான்காம் படிவத்தில் பழைய மாதிரி அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று 2020-இலிருந்து பிரிப்பதில்லை. பாடத் தொகுப்பாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அந்தப் பாரத்தில் கையெழுத்துப் போடும்முன், பிள்ளை படிக்க நினைக்கும் துறைக்கு எந்தப் பாடம் வேண்டும் என்று ஆலோசக ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

புறப்பாட நடவடிக்கைக்கும் மார்க்கா? சனிக்கிழமை பஸ் கிடையாதே.

உண்டு. எஸ்பிஎம் முடித்து அரசாங்க உயர்கல்விக்கு மனுப் போடும்போது படிப்புக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10 விழுக்காடு என்று கணக்கு வரும். அந்தப் பத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் நிறைய இழக்கிறார்கள், காரணம் நீங்கள் சொன்ன அதே பஸ். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு கார் பேசுங்கள். ஒரு விளையாட்டு, ஒரு மன்றம், ஒரு சீருடை இயக்கம் என்று பதிவு இருக்கும். அதில் வருகைதான் முதல் புள்ளி.

நான்காம் ஆண்டிலிருந்து செகாக் என்ற உடல்தகுதிச் சோதனையும் உண்டு. பெஞ்சில் ஏறி இறங்குவது, தண்டால், கால் நீட்டிக் குனிவது. அதில் ஒரு பிள்ளை குறைவாக வாங்கியதற்கு அம்மா டியூஷன் கேட்டு வந்தார். ஃபோனைப் பிடுங்கிவிட்டுத் திடலுக்கு அனுப்புங்கள் என்றேன்.

மனோவியல் சோதனை என்று ஒரு தாள் வந்திருக்கிறது. பிள்ளைக்கு ஏதாவது குறையா?

குறை இல்லை. பிள்ளைக்கு எதில் நாட்டம், எதில் திறமை என்று பார்க்கும் வினாக்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் நடத்துவது. தேர்ச்சி தோல்வி கிடையாது.

முழுத் தங்கும் பள்ளிக்கு எப்படி அனுப்புவது?

பி.கே.எஸ்.கே என்று தனி நுழைவு மதிப்பீடு இருக்கிறது, ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கும் மூன்றாம் படிவத்தாருக்கும். இணையத்தில் பதிய வேண்டும். பள்ளி தானாகச் செய்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். ஆறாம் ஆண்டு தொடங்கியதுமே வகுப்பாசிரியரிடம் தேதியைக் கேட்டு வையுங்கள்.

எழுத்தெல்லாம் தலைகீழாகத் தெரிகிறது என்கிறான். சோம்பேறித்தனமா?

அடிக்காதீர்கள். ப-வுக்கும் ம-வுக்கும் வித்தியாசம் மூன்றாம் ஆண்டிலும் பிடிபடாத, ஆனால் கதை சொன்னால் அப்படியே திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதலில் கண் பரிசோதனை. அப்புறம் பள்ளியின் குறைநீக்கல் ஆசிரியரிடம் காட்டுங்கள். தேவையென்றால் அரசாங்க மருத்துவமனையில் மருத்துவர் பார்த்து உறுதி செய்வார். உறுதியானால் சமூகநல இலாகாவில் ஓகேயு என்ற மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம். அதற்குத் தயங்குகிறார்கள், "பேரு கெட்டுடும் டீச்சர்" என்பார்கள். அட்டை இருந்தால் சிறப்புக் கல்வி வகுப்புக்கு வழி பிறக்கும், பொதுத் தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். பெயரைவிட அந்த நேரம் பெரிது.

டியூஷன் போடலாமா?

எதற்கு என்று தெரிந்தால் போடுங்கள். "மலாய் எழுத்தில் 2, அதற்காக" என்றால் சரி. "எல்லாரும் போறாங்க" என்றால் அந்தக் காசுக்கு மாதம் ஒரு கதைப் புத்தகமும் கொஞ்சம் பழமும் வாங்கலாம்.

செய்தியில் பீசா, மலேசியா பின்தங்கிவிட்டது என்கிறார்கள். சாப்பிடும் பீசாவா?

இல்லை. 15 வயதுப் பிள்ளைகளைப் பல நாடுகளில் ஒரே மாதிரி சோதித்துப் பார்க்கும் ஆய்வு. 2022-இல் கணிதத்தில் நம் நாட்டுப் புள்ளி 409, ஓஇசிடி என்ற அமைப்பில் உள்ள, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் சராசரி 472. அது நாட்டுக்குப் போட்ட மார்க். உங்கள் பிள்ளையின் அட்டையில் அதற்கு வரி இல்லை.

ஆசிரியரைப் பார்க்க ஐந்து நிமிடம்தான் கொடுக்கிறார்கள். என்ன கேட்பது?

"எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை, இன்னும் முயற்சி செய்யணும்" என்று பதில் வரும், ஐந்து நிமிடம் முடிந்துவிடும். நானே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது.

ஒரு பாடத்தை மட்டும் எடுங்கள், இருப்பதிலேயே குறைந்த டிபி உள்ளதை. "இதில் 2 போட்டிருக்கீங்க. இவனால் எதைச் செய்ய முடிகிறது, எது வரவில்லை?" என்று கேளுங்கள். பதில் வந்ததும், "3-க்குப் போக வீட்டில் நான் ஒரே ஒரு விஷயம் செய்யணும்னா எது?" அவ்வளவுதான். ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வார், பாருங்கள். ராத்திரி ஷிஃப்ட் என்பதால் போக முடியாதவர்கள் இந்த இரண்டு கேள்வியையும் வாட்சப்பில் குரல் பதிவாக அனுப்பலாம். வகுப்புக் குழுவில் வேண்டாம், ஆசிரியருக்குத் தனியாக. அட்டை தொலைந்துவிட்டால், அமைச்சின் ஐடிமி தளத்தில் பெற்றோர் கணக்குத் திறந்தும் அடைவுநிலையைப் பார்க்கலாம்.

எனக்கு மலாய் வாசிக்க வராது. அட்டையில் பாதி மலாய். எப்படிப் புரிந்துகொள்வது?

பிள்ளையை உட்கார வைத்து அட்டையை உங்களுக்கு வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தட்டுகிறது, எந்த வரியை வேகமாகத் தாண்டுகிறது என்று கேட்டுக்கொண்டே இருங்கள். தாண்டிய வரியில் விரலை வைத்து, "இது என்ன, மறுபடி சொல்லு" என்று கேளுங்கள்.

ஜாங்கிரி கொண்டுவந்த பாட்டி அப்படித்தான் செய்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தவணையும் பேரன் வாசிப்பான், அவர் விரல் வைப்பார். நான்காம் ஆண்டு அட்டையோடு வந்தபோது தமிழில் 3, மலாய் எழுத்தில் இன்னும் 2. பெற்றோர் கையெழுத்துக் கட்டத்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுத ஓர் இடம் இருந்தது. அதில் தமிழில் எழுதலாமா என்று கேட்டார். தமிழ்ப்பள்ளிதானே பாட்டி, ஆசிரியருக்குத் தமிழ் தெரியும், எழுதுங்கள் என்றேன். பேனாவை வாங்கி, "மலாய் எழுத்து 2, ஏன்?" என்று எழுதினார்.